கமலம்மாளின் எச்சில்

1997 ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை, மைசூர் ஒண்டிக்கொப்பலில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தின் பெண்கள் வார்டில், காலைக் காபிக்கு முன்பாக நோயாளிகளின் எச்சிலைப் பஞ்சில் ஏற்றிக் குழாயில் அடைக்கும் வேலை தொடங்கியது.

வேலை ஆயா சொர்ணலதாவின் தலையில் விழுந்தது. சுண்டுவிரல் நீளப் பஞ்சுச் சுருளை நோயாளியின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் செருக வேண்டும். அது ஊறும்வரை மென்றுகொண்டிருக்க விட்டு, விழுங்கிவிடாமல் தாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு விரலால் இழுத்தெடுத்து, பிளாஸ்டிக் குழாயில் போட்டு மூடி, பெயர்ச் சீட்டு ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை.

நினைவு போன கிழவிகளின் பீ மூத்திரம் அள்ளி வருஷக்கணக்காகப் பழகிய கை அவளுடையது. அதற்கெல்லாம் முகம் சுளித்தவள் அல்ல. ஆனால் இது வேறாக இருந்தது. மலத்தை உடம்பே வேண்டாமென்று தள்ளிவிடுகிறது. இதையோ உள்ளே கையை விட்டுத் திருடிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு மாதிரி. தேவம்மாவின் வாயில் நேற்றைய கேழ்வரகு முத்தையின் துணுக்குகள் ஈறோடு ஒட்டிப் புளித்துக் கிடக்கும். மூலைக் கட்டில்காரியின் எச்சில் பசைபோல் நீண்டு, அறுந்து, கையுறைக்கு மேலே மணிக்கட்டில் வந்து சுருண்டுகொள்ளும். ஆனிச் சாரலும் குளிர்காற்றும் ஜன்னலை மூடியே வைத்திருந்ததால், எல்லா வாய்களின் வாடையும் ஈரத் துணிகளின் வாடையோடு சேர்ந்து வார்டுக்குள்ளேயே புழுங்கிக் கிடந்தது.

ஜன்னலோரக் கட்டில் கமலம்மாளுடையது. முதல் நாள் அவள் கொட்டாவி விட்டபோது சொர்ணலதா சட்டென்று பஞ்சைச் செருகிவிட்டாள். தாடையைப் பிடித்தபடி வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தாள். வெளியே எடுத்தால், பஞ்சு போனபடியே வந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். மொறுமொறுவென்றிருந்தது. உயிருள்ள வாய்க்குள் போய்வந்த பொருளாகவே தெரியவில்லை.

கமலம்மாள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"விளக்குத் திரிய யாராச்சும் எச்சில் பண்ணுவாங்களா அம்மிணி? உங்கூட்ல சொல்லிக் குடுக்கலியா?"

"இது திரி இல்லீங்க ஆத்தா. டாக்டர் குடுத்த பஞ்சுங்க."

"எனக்கா தெரியாது திரி?" என்று சொல்லி, உதடுகளை உள்ளே மடித்துப் பூட்டிக்கொண்டாள்.

கமலம்மாள் கொள்ளேகால் பக்கத்துக்காரி. தேவராஜா மார்க்கெட்டில் பூக்கட்டி விற்றே காலம் கழித்தவள். சாமிக்குப் போகும் பூ என்பதால் நாரை ஒருநாளும் பல்லால் கடித்ததில்லை, கத்தியால்தான் அறுப்பாள். மகன் பேர் மறந்துவிட்டது, புருஷன் செத்தது மறந்துவிட்டது. எச்சில் ஆகாது என்பது மட்டும் மறக்கவில்லை. தண்ணீரைக்கூட டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். பக்கத்துக் கட்டில்காரி தொட்ட ரொட்டியைத் தள்ளிவிடுவாள். வார்டில் சொர்ணலதாவுக்கு அருவருப்பே தராத ஒரே கிழவி அவள்தான்.

வார்டன் லிங்கம்மா கன்னடக்காரி. தமிழைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பேசுவாள், பாட்டிகளை அஜ்ஜி என்பாள். "ஏனு சொர்ணா, ஒங்க அஜ்ஜி வாயி கேட்ட தொறக்கவே மாட்டேங்குதா? மூக்கப் புடி. தன்னால தொறக்கும்."

"மூக்கப் புடிச்சும் பாத்தேனுங்கக்கா. தொறக்குது. ஆனா ஊற மாட்டேங்குதுங்க."

வெள்ளிக்கிழமை, இந்த எச்சில் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் மஞ்சுநாத் பெங்களூரிலிருந்து வந்தார். இளவயது, குரலை உயர்த்தாதவர். நோயாளிகளின் முகத்தைவிடக் குழாய்களை அதிகம் பார்ப்பவர். கமலம்மாளின் வெறும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பயம் வந்தா ஒடம்புல ஒரு ஹார்மோன் ஊறும்மா. அது எச்சில்லயும் தெரியும். காலைல ஜாஸ்தி இருக்கும், ராத்திரி எறங்கிடணும். மறதி வந்தவங்களுக்கு எறங்குதான்னு பாக்கறோம், அவ்ளோதான். சாம்பிள் தராதவங்கள வெச்சு நான் என்ன பண்றது? அந்த பெட்டுக்கு வேற ஆள் காத்திட்டிருக்காங்க."

அந்த வார்டின் சாப்பாடு, மருந்து, படுக்கை எல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் பொறுப்பு. எச்சில் தராதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கமலம்மாளின் வீடு என்பது நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை பார்க்கும் மகன் பழனிமுத்துவின் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். அவளை முதல் தடவை குளிப்பாட்டியபோது, கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து கறுத்துக் காப்புப்போல் கிடந்த தடத்தை சொர்ணலதா பார்த்திருக்கிறாள். தாயைப் பார்க்க வார்டுக்கு வந்த பழனிமுத்து அதை மறைக்கவுமில்லை.

"கட்டிப்போடாம என்னம்மா பண்றது? ரோட்டுக்குப் போயி லாரி முன்னால நின்னுக்குது. பூ விக்கப் போறேங்குது. நானும் என் சம்சாரமும் ஷிஃப்ட்டுக்குப் போகணுமா, இதுக்குக் காவல் நிக்கணுமா?" என்றவன், தாயின் பக்கம் திரும்பிச் சிரித்தான். "இங்க பாரு, மகாராணியாட்டம் ஒக்காந்திருக்குது."

கமலம்மாள் அவனை யாரென்று தெரியாமல் கும்பிட்டாள்.

டாக்டர் வந்துபோன அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொர்ணலதா கமலம்மாளின் குழாயை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். பஞ்சைத் தன் வாயில் வைத்தாள். முதலில் துணி ருசி, பிறகு மருந்து, அப்புறம் எதுவோ மங்கலாகத் தித்தித்தது. நாக்கடியில் நீர் ஊற ஊறப் பஞ்சு உயிருள்ள புழுபோல் பருத்தது. கன்னத்துக்குள் அது நகர்வதாகத் தோன்றி ஓங்கரித்தாள். துப்பியதைக் குழாயில் அடைத்து, கமலம்மாள் என்ற சீட்டை ஒட்டினாள். தன் எச்சில்தானே என்று சொல்லிக்கொண்டு வாயைக் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள்.

அதற்குப் பிறகு காலையும் ராத்திரியும் அதுவே பழக்கமாயிற்று. கமலம்மாளின் கட்டில் அவளுக்கே இருந்தது.

அடுத்த தடவை வந்தபோது டாக்டர் உற்சாகமாக இருந்தார். "எல்லாரையும்விட இந்தம்மாவோடதுதான் இன்ட்ரஸ்டிங். ராத்திரிகூட எறங்கவே இல்ல. உச்சில நிக்குது." கமலம்மாள் ஜன்னல் கம்பியில் இல்லாத பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "என்னத்துக்கு இவ்ளோ பயப்படுதோ?"

அந்தப் பயம் யாருடையது என்று சொர்ணலதாவுக்குத் தெரியும். ஆனால் அவள் எதற்கும் பயப்படவில்லை. இதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தனக்குள் எது பயந்துகொண்டிருக்கிறது என்று காதைத் தீட்டிக் கேட்க ஆரம்பித்தாள். வார்டின் சத்தங்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. சளி இழுபடும் சத்தம். பல்லில்லாத வாய்கள் தூக்கத்தில் சப்புக்கொட்டும் சத்தம். ஃப்ரிட்ஜ் நடுங்கி நிற்கும் சத்தம்.

டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ராத்திரி கொடுத்தால் காலையில் அளவு இறங்க வேண்டும். இறங்காவிட்டால், அடங்கு என்ற சொல்லை மூளை கேட்கவில்லை என்று அர்த்தம். லிங்கம்மா எதிரிலேயே நின்று கமலம்மாளை விழுங்க வைத்தாள். மாத்திரை ஒருத்தி வயிற்றுக்குள் போயிற்று, எச்சில் இன்னொருத்தி வாயிலிருந்து போயிற்று. அளவு எப்படி இறங்கும்? டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார்.

ஆவணி பிறந்தபோது கமலம்மாளின் முகம் உருண்டையாகியிருந்தது. தோல் இழுபட்டுப் பளபளத்தது. கண்கள் சதைக்குள் போயின. "ஒங்க அஜ்ஜிக்கு இங்க சாப்பாடு ஒத்துக்கிச்சு பாரு. போண்டா மாதிரி ஆயிட்டா," என்று லிங்கம்மா கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய பள்ளம் உடனே நிரம்பவில்லை.

கமலம்மாளுக்குப் பசி வந்திருந்தது. தட்டைத் துடைத்துத் தின்றாள், பிறகு தட்டை நக்கினாள். ஒரு காலையில் தேவம்மா மென்று துப்பிய இட்லிச் சக்கையைக் கமலம்மாள் தரையிலிருந்து வழித்து வாயில் போட்டுக்கொண்டதை சொர்ணலதா பார்த்தாள். அவசரமில்லாமல், கண்ணை மூடி, மென்றாள். டம்ளரில் உதடு வைக்காத கமலம்மாள்.

"ஆத்தா, அது எச்சிலுங்க! துப்புங்க, துப்புங்க!"

வாயைத் திறந்து காட்டினாள் கமலம்மாள். நாக்கும் அண்ணமும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை வெளேரென்று, பாலாடைபோல், ஊறிய பஞ்சுபோல் படிந்திருந்தன. எப்போதோ பஞ்சை உள்ளேயே விட்டுவிட்டோமோ என்று சொர்ணலதா விரலை விட்டு இழுத்தாள். அது வரவில்லை. இழுத்த இடத்தில் சிவப்பாக ரத்தம் கசிந்தது. அழுகிய பூவோடு புளித்த கேழ்வரகுக் கூழைக் கலந்ததுபோல் ஒரு வாடை. அப்படியும் கமலம்மாளுக்கு வலித்ததாகத் தெரியவில்லை. உள்ளே வந்த விரலை மெதுவாகச் சப்பினாள்.

அதற்குப் பிறகுதான் சொர்ணலதா இன்னொன்றைக் கவனித்தாள். கமலம்மாள் இப்போது அவள் கண்ணைப் பார்ப்பதில்லை. வாயைப் பார்த்தாள். சொர்ணலதா பேசினால் அந்த உப்பிய முகம் உதடுகளின் அசைவோடு அசைந்தது. சொர்ணலதா எச்சில் விழுங்கினால், வார்டின் மறுகோடியில் கமலம்மாளின் தொண்டையும் ஏறி இறங்கியது.

இதை நிறுத்தியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் ஷெட். சொல்லாவிட்டால் மாத்திரை. யோசித்து ஒரு வழி கண்டாள். லிங்கம்மா இப்போதெல்லாம் எதிரில் நிற்பதில்லை. மாத்திரையைத் தானே விழுங்கிவிட்டால் கமலம்மாள் தப்பிப்பாள், எச்சிலிலும் அளவு இறங்கும், டாக்டரும் நிறுத்திவிடுவார்.

விழுங்கினாள். சில நாட்களில் அவளுக்கும் பசி வந்தது, தூக்கம் போயிற்று. வாயில் இடைவிடாமல் நீர் ஊறியது. தலையணை நனைந்தது. கமலம்மாளுக்கோ மாத்திரை நின்ற பிறகும் முகம் வற்றவில்லை. பசியும் அடங்கவில்லை. குப்பைக் கூடையில் போட்டிருந்த வீணான பஞ்சுகளை ஒரு மத்தியானம் அவள் இரண்டு கன்னத்திலும் அடக்கிவைத்திருந்தாள். தேவம்மாவுடையது, மூலைக் கட்டில்காரியுடையது, எல்லாருடையதும். ஒவ்வொன்றாக சொர்ணலதா வெளியே எடுத்தாள். எல்லாம் உலர்ந்திருந்தன. பிழிந்தெடுத்ததுபோல்.

ஒன்றை மட்டும் கமலம்மாள் விடவில்லை. கடைவாயில் கடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுல ஒண்ணுமில்ல அம்மிணி," என்றாள். "எல்லாம் மறந்து போன வாயி. சப்புன்னு இருக்குது."

டாக்டர் வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. வாசல் கூரையடியில் பழனிமுத்து குடையை மடக்கிக்கொண்டு நின்றான்.

"எறங்கல," என்றார் டாக்டர். "இத்தனை டோஸுக்கு எறங்கியே ஆகணும். மூளை சுத்தமா கேக்கல."

"சார், கொஞ்ச நாள் மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமுங்களா?" சொர்ணலதாவின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. அந்த மாத்திரைகளைத் தின்றவள் அவள். அந்த எச்சிலும் அவளுடையது. சொல்பேச்சு கேட்காத மூளை யாருடையது?

"நிறுத்தறதா? நீ டாக்டரா, நான் டாக்டரா? இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா லிஸ்ட்லயிருந்து எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்."

பழனிமுத்து தலையாட்டினான். "பரவால்லீங்க சார். ஷெட்டுக்குப் புதுசா கதவு போட்டுட்டேன். இரும்பு."

நாக்கின் நுனிவரை வந்ததை சொர்ணலதா விழுங்கினாள். வார்டுக்குள்ளே ஜன்னலோரத்தில், அதே நேரத்தில், யாரோ விழுங்கும் சத்தம் கேட்டது. மழைக்கு மேலாகக் கேட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கரண்ட் போயிற்று. லிங்கம்மா மெழுகுவத்தி தேடி ஆபீசுக்குப் போனாள். இருட்டில் சொர்ணலதா கமலம்மாளின் கட்டிலில் உட்கார்ந்து, தடித்துப்போன அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஆத்தா. ஒரே ஒரு தடவ. உங்க எச்சில நீங்களே குடுத்துருங்க. உங்க அளவு எறங்கித்தான் இருக்கும். உங்களுக்கென்ன பயம்? குடுத்துட்டீங்கன்னா இங்கயே இருந்துக்கலாமுங்க."

சப்புக்கொட்டும் சத்தம் மட்டும்.

"அந்த ஷெட்டுக்கா போறீங்க?"

"நீ இருக்கயில்ல," என்றாள் கமலம்மாள். மூச்சு முகத்தில் பட்டது. அந்தப் புளித்த வாடை. "உன்னுது ருசியா இருக்குதாமா. டாக்டரு சொன்னாரு. பயம் நெறயா இருக்குதாமா."

சொர்ணலதா கையை உதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. மற்றக் கட்டில்கள் அமைதியாக இருந்தன. சளிச் சத்தம் இல்லை. சப்புக்கொட்டல் இல்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் வந்தபோது கமலம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறவளைப்போல் தோள் ஏறி இறங்கியது.

சொர்ணலதா வார்டுக் கதவோரம் பாய் போட்டுப் படுத்தாள். தூங்கக்கூடாது என்று நினைத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். விடியும் நேரத்தில் கண் அயர்ந்திருக்க வேண்டும்.

முதலில் வாடை வந்தது.

பிறகு தாடையில் விரல்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு. பதமான பிடி. எங்கே அழுத்தினால் வாய் திறக்கும் என்று தெரிந்த பிடி.

கண்ணைத் திறந்தாள். ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். முகத்துக்கு மேல் முகம். உருண்டை. பளபளப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்.

கத்த நினைத்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பஞ்சு உள்ளே வந்தது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், சரியான இடத்தில்.

"மெல்லு அம்மிணி."

மென்றாள்.

ஊறியது. எங்கிருந்து அவ்வளவு நீர். பஞ்சு பருத்தது. இன்னும் ஊறியது. கமலம்மாளின் தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

இரண்டு விரல் பஞ்சை வெளியே இழுத்தது. அதோடு ஒரு நூல் நீண்டு வந்தது. அறுபடவில்லை. கமலம்மாள் குனிந்து அதைப் பல்லால் அறுத்தாள்.

பஞ்சைத் தன் வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். வெள்ளை படிந்த நாக்கு அதைச் சுற்றிச் சுருண்டது. வெகுநேரம் சப்பினாள். சப்பச் சப்ப அவள் முகத்தில் ஏதோ தெளிந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்த முகம். எல்லாம் நினைவு வந்த முகம்.

"சொர்ணலதா," என்றாள். இதுவரை அந்தப் பெயரை அவள் சொன்னதே இல்லை.

பாயில் கிடந்தவள் அந்தச் சொல்லைக் கேட்டாள். அது யாருடைய பெயர் என்று யோசித்தாள். தெரிந்த பெயர் மாதிரிதான் இருந்தது.

கமலம்மாள் பஞ்சைத் துப்பிக் குழாயில் போட்டாள். மூடியை அழுத்தினாள். தன் பெயர்ச் சீட்டை நேராக ஒட்டினாள். பிறகு இன்னொரு பஞ்சை எடுத்தாள்.

தாடையை யாரும் பிடிக்கவில்லை. பாயில் கிடந்தவள் தானாகவே வாயைத் திறந்தாள்.

அன்றைய குழாய்கள் ஐஸ் பெட்டியில் பகல் ரயிலுக்குப் போயின. கமலம்மாளின் அளவு இறங்கிவிட்டது என்று அடுத்த வாரம் டாக்டர் எழுதினார். அவள் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.